பதினொரு பகிடிவகைகள் தொடர்பான முறைப்பாடு

அனுப்புபவர்:
நா. முருகேசு,
ஓய்வுபெற்ற படவரைஞர்,
மருதடி ஒழுங்கை,
புத்தூர்.

பெறுபவர்:
உதவிப் பணிப்பாளர் அவர்கள்,
மாணவர் நலன் பிரிவு,
வலய அலுவலகம்.

விடயம்: 2025.07.07ஆம் திகதிய எனது கடிதத்தில் ‘பகிடிவகை’ என்று எழுதப்பட்ட (அல்லது அவ்வாறு எழுதப்பட்டதாக நான் நம்பும்) சொல் ‘பகிடிவதை’ என்று வாசிக்கப்பட்டமை. அதன் காரணமாக மாணவர் நிகழ்ச்சி நிறுத்தப்பட்டு, செல்வி சாருஜா மீது விசாரணை நடைபெறவிருப்பமை. இவை தொடர்பில் என்மீது நானே செய்யும் முறைப்பாடு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேலேயுள்ள விடயத் தலைப்பை ஆறு தடவை மாற்றி எழுதினேன். முறைப்பாடு என்பது பிறர்மீது செய்யப்படுவது என்றே கற்றிருக்கிறேன். ஒருவர் தன்மீது தானே செய்வதற்குத் தங்கள் அலுவலகத்தில் வேறு பெயர் இருக்குமாயின் அதையே இட்டுக்கொள்ளலாம். எனக்கு எந்த ஆட்சேபனையும் இல்லை.

2. எனக்கு வயது எழுபத்தெட்டு. நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் படவரைஞராகக் கடமையாற்றினேன். வரைபடங்களில் ஊர்ப் பெயர்களையும் குளங்களின் பெயர்களையும் மையினால் எழுதுவது எனது வேலை. அக்காலத்தில் எனது எழுத்தைப் பார்த்து, இது எந்த எழுத்து என்று ஒருவரும் கேட்டதில்லை. இப்போது மூன்று ஆண்டுகளாக வலக்கையில் நடுக்கம் உண்டு. அனுதாபம் வேண்டி இதனைக் கூறவில்லை. கீழே வரும் விடயத்துக்கு இது அவசியமானது. அதே காரணத்தால் இம்மனுவைக் கையால் எழுதாமல், புத்தூர்ச் சந்தியில் தட்டச்சுச் செய்து கொடுக்கும் செல்வி றெஜினாவிடம் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி எழுதுவித்துள்ளேன்.

3. எமது ஒழுங்கையின் முடிவில் உள்ள பொதுநோக்கு மண்டபத்தில், இவ்வாண்டு மே மாதம் தொடக்கம் சனிக்கிழமைதோறும் பிற்பகல் மூன்றரை மணிக்குப் ‘பகிடிச் சனி’ என்ற பெயரில் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி நடைபெற்று வந்தது. இதனை நடத்தியவர்கள் இருபத்துநான்கு வயதுக்கு உட்பட்ட ஆறு இளைஞர் யுவதிகள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் செல்வி சாருஜா. அவர் உயர்கல்வி நிறுவனமொன்றின் இறுதியாண்டு மாணவி. எட்டாம் தரம் முதல் பதினோராம் தரம் வரை படிக்கும் பிள்ளைகள் வருவார்கள். பெரியவர்கள் எவரும் மேடையில் ஏறுவதில்லை. பிரதம விருந்தினர் இல்லை, மாலை இல்லை, வரவேற்புரை இல்லை.

4. நான் முதன்முதலில் அங்கு சென்றது ஜூன் 7ஆம் திகதி. நல்ல நோக்கத்துடன் சென்றதாகச் சொல்ல முடியாது. ஒலிபெருக்கி எனது வீட்டுப் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அதைப் பற்றிச் சொல்லவே போனேன். வாசலில் நின்று எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது செல்வி சாருஜாவே வந்து, “ஐயா, உங்கடை பக்கம் சத்தமோ? பொறுங்கோ, இப்ப திருப்பிறன். நீங்கள் இதிலை இருந்து கேட்டுப் பாத்து, காணுமோ எண்டு சொல்லுங்கோ” என்றார். கடைசி வாங்கில் அமர்ந்து கேட்டேன். சத்தம் போதியளவு குறைந்துவிட்டது என்று அவரிடம் சொல்ல எழுந்தபோது மணி ஐந்தரை. நிகழ்ச்சி முடிந்திருந்தது. அடுத்த நான்கு சனிக்கிழமைகளும் எவரும் அழைக்காமலே போனேன்.

5. நிகழ்ச்சியின் முறை இதுதான். ஒரு பிள்ளை எழுந்து, அந்த வாரத்திலோ அதற்கு முன்னரோ தனக்கு நேர்ந்த ஒரு தோல்வியை, வெட்கத்தை அல்லது பயத்தைப் பகிடியாகச் சொல்லவேண்டும். சபை சிரிக்கும். அதன் பின்னர் ஐந்தைந்து பேராக அமர்ந்து, அந்த நேரத்தில் உள்ளுக்குள் எப்படி இருந்தது என்று ஆறுதலாகக் கதைப்பார்கள். விதி ஒன்றே ஒன்று. அது கரும்பலகையில் எப்போதும் எழுதப்பட்டிருந்தது: ‘என்ரை பகிடியை நான் சொல்லுவன். மற்றவையின்ரை பகிடியிலை கை வைக்க மாட்டன்.’ இன்னொரு பிள்ளையைப் பற்றிப் பகிடி சொன்னால் அன்று முழுவதும் ஆளுக்கு மேடை இல்லை. ஒருமுறை ஒரு மாணவன் தனது தம்பியின் பகிடியைச் சொல்லத் தொடங்க, முன்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி, “உது உம்மடை சரக்கில்லை, இறங்கும்” என்றாள். அவனும் இறங்கிவிட்டான்.

6. ஏன் பகிடி என்று செல்வி சாருஜாவிடம் கேட்டேன். “மற்றவை சிரிக்க முதல் நாங்களே சிரிச்சிட்டால், பேந்து அதிலை குத்துறதுக்கு ஒண்டும் மிஞ்சாது ஐயா” என்றார். பின்னர், முதலாம் ஆண்டில் மூத்த மாணவர்கள் சிலர் தன்னை நடத்திய விதத்தை இரண்டு வாக்கியங்களில் கூறினார். விரிவாகச் சொல்லவில்லை. அதன் பின் ஓராண்டு தான் வாய்விட்டுச் சிரித்ததில்லை என்றும், பகிடியை வதையிலிருந்து பிரித்தெடுக்க முடியுமோ என்று பார்க்கவே இந்நிகழ்ச்சியைத் தொடங்கியதாகவும் சொன்னார். பிரிக்கப்பட்ட அவ்விரு சொற்களும் எனது கையினால் மீண்டும் ஒட்டப்பட்டுவிட்டன.

7. இனி, ஒன்பதாம் தரத்தில் கற்கும் கஜானி என்ற மாணவியைப் பற்றிக் கூறவேண்டும். அவளது தாயாரின் சம்மதத்துடனேயே எழுதுகிறேன். இப்பிள்ளை பாடசாலையின் பாண்ட் வாத்தியக் குழுவில் சிறிய மேளம் அடிப்பவள். மே 30ஆம் திகதி பரிசளிப்பு விழாவில் குழுவினர் விருந்தினரை அழைத்து வரும்போது எல்லோரும் வலப்புறம் திரும்ப, இவள் மட்டும் இடப்புறம் திரும்பி நடந்துவிட்டாள். அடுத்த திங்கள் தொடக்கம் நான்கு வாரங்கள் பாடசாலைக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்றாளாம். செல்வி சாருஜா இரண்டு தடவை வீட்டுக்குச் சென்று அழைத்த பின்னர் பகிடிச் சனிக்கு வந்து, எனக்கு அருகில், கடைசி வாங்கில் இருந்தாள். மூன்று வாரமும் ஒன்றும் பேசவில்லை.

8. ஜூன் 28ஆம் திகதி தானாகவே எழுந்து போனாள். அவள் சொன்னதை அன்றே குறித்துக்கொண்டேன். “எல்லாரும் வலப்பக்கம் திரும்பினவை. நான் இடப்பக்கம். மேளத்தை அடிச்சுக்கொண்டு நேர சைக்கிள் பார்க்குக்குப் போட்டன். பின்னாலை ஒருத்தரும் வரேல்லை எண்டு அங்கை போய்த்தான் தெரிஞ்சது. நிப்பாட்டினால் வெட்கம் எண்டு, நிண்டு அடிச்சனான். காவலாளி அங்கிள் எழும்பி எனக்குச் சல்யூட் அடிச்சவர்.” சபையில் ஒரு பையன், “அப்ப பிரதம விருந்தினர் அங்கையோ நிண்டவர்?” என்று கேட்டான். அவள் சற்றும் யோசிக்காமல், “ஓம், அவர் சைக்கிளிலை வந்தவர்” என்றாள். சபை அடங்கப் பல நிமிடங்கள் சென்றன. பிள்ளைகள் சிலருக்குக் கண்ணீர் வந்தது. நானும் சிரித்தேன். திங்கட்கிழமை காலை அவள் வெள்ளைச் சீருடையுடன் எமது படலையைக் கடந்து போனதை நானும் எனது மனைவி ஞானாம்பிகையும் பார்த்தோம்.

9. அதன் பின்னரே தங்களுக்குக் கடிதம் எழுத எண்ணினேன். இத்தகைய நிகழ்ச்சி தங்கள் பிரிவின் கவனத்துக்கு வந்தால் ஏனைய ஊர்களிலும் நடத்தலாம் என்பதே எனது நோக்கம். எதையும் வகைப்படுத்தாமல் என்னால் விளங்கிக்கொள்ள முடிவதில்லை. எனவே ஐந்து சனிக்கிழமைகளிலும் கேட்ட பகிடிகளை ஒரு கொப்பியில் பதினொரு வகைகளாகப் பிரித்திருந்தேன். முதலாவது வகை, விழுந்தெழும்புதல். இரண்டாவது, கேள்வி ஒன்றிருக்க வேறொன்றுக்கு விடை சொல்லுதல். மூன்றாவது, நாய். நாயைப் பற்றி மட்டும் ஒன்பது பகிடிகள் இருந்தன. மற்றவற்றை இங்கு எழுதவில்லை. பதினோராவது வகைக்குத் ‘திசை மாறுதல்’ என்று பெயரிட்டேன். அதில் கஜானியின் பகிடி ஒன்றே உள்ளது.

10. கடிதம் எழுதும்போது ‘பகிடிகளின் வகைகள்’ என்று பிரித்து எழுதியிருக்க வேண்டும். அவ்வாறு எழுதியிருந்தால் இந்நிலை வந்திராது. இரு சொற்களைச் சேர்த்து ஒரு சொல்லாக எழுதுவது நல்ல தமிழ் என்று இளமையில் படித்ததன் விளைவாக, ‘பகிடிவகைகள்’ என்று எழுதினேன். அப்படி ஒரு சொல்லை இவ்வூரில் எவரும் வழங்குவதில்லை என்று இப்போது அறிகிறேன். ‘பகிடிவதை’ என்ற சொல்லையோ எல்லோரும் அறிவர். அது மூத்த மாணவர்கள் புதியவர்களைத் துன்புறுத்தும் குற்றத்துக்குரிய பெயர். அதற்கெதிராகச் சட்டமும் உண்டு. இரண்டுக்கும் இடையில் உள்ளது ஓர் எழுத்து. ‘க’வின் காலை இறக்கும்போது கை நடுங்கினால் அது கீழே வளைந்து ‘த’வாகிவிடுகிறது. இதை நான் முன்னரே கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

11. அக்கடிதத்தில் நான் எழுதிய வாக்கியங்கள் சிலவற்றைக் கீழே தருகிறேன். ஒவ்வொன்றையும் முதலில் ‘வகை’ என்று மனத்தில் வைத்தும், பின்னர் ‘வதை’ என்று வைத்தும் வாசித்துப் பார்க்குமாறு தயவாய்க் கேட்கிறேன்.

(அ) “இதுவரை பதினொரு பகிடிவகைகளை நேரிற் கண்டு, நாள்வாரியாகக் குறித்து வைத்துள்ளேன்.”
(ஆ) “இவை அனைத்துக்கும் மூலகாரணமானவர் செல்வி சாருஜா என்பவரே.”
(இ) “சத்தம் வெளியே கேளாதவாறு அவர் ஒழுங்கு செய்துள்ளார்.”
(ஈ) “பிள்ளைகள் சிலர் கண்ணீர் விட்டதையும் கண்டேன்.”
(உ) “மண்டபத்துக்குள் வந்த முகத்துடன் எந்தப் பிள்ளையும் வீடு திரும்புவதில்லை.”
(ஊ) “தாங்கள் நேரில் வந்து பார்வையிட்டு ஆவன செய்யவேண்டும்.”

இரண்டாவது முறையில் வாசித்தபோது, அந்தப் பெண்ணை உடனடியாக விசாரிக்க வேண்டும் என்று எனக்கே தோன்றியது. ஆகையால் தங்கள் உத்தியோகத்தர்கள் மீது நான் குறை கூறவில்லை. அவர்கள் தாமதமின்றிச் செயற்பட்டார்கள். அதுவும் என் கடிதத்தின் தெளிவினாலேயே நிகழ்ந்தது.

12. ஜூலை 19ஆம் திகதி நான் மண்டபத்துக்குப் போனபோது கதவில் பூட்டும், முறைப்பாடு கிடைத்துள்ளதால் மறு அறிவித்தல் வரை நிகழ்ச்சி நிறுத்தப்படுகிறது என்ற அறிவித்தலும் இருந்தன. பிள்ளைகளும் பெற்றோரும் வெளியே நின்றார்கள். “ஆரோ ஒரு விசரன் பெட்டிசம் போட்டிட்டான்” என்று ஒருவர் சொன்னார். “போட்டவன்ரை கை அழுகாதோ” என்றார் இன்னொருவர். நான் பொதுவாகக் கூட்டத்தில் வாய் திறப்பவன் அல்லன். அன்று ஏனோ, “ஓம், மனச்சாட்சி இல்லாத வேலை” என்று நானும் சொன்னேன். உண்மையை மறைக்கக் கூடாது என்பதற்காக இதனைப் பதிவு செய்கிறேன்.

13. ஜூலை 24ஆம் திகதி தங்கள் அலுவலகக் கடிதம் கிடைத்தது. ‘பகிடிவதை தொடர்பான தங்களது முறைப்பாட்டுக்கு நன்றி. தங்களைப் போன்ற மூத்த பிரசைகளின் விழிப்புணர்வு பாராட்டத்தக்கது’ என்று அதில் இருந்தது. வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று நினைத்து முகவரியை மூன்று தடவை பார்த்தேன். பின்னர் எனது கொப்பியில் இருந்த பிரதியை எடுத்து மனைவியிடம் கொடுத்து அச்சொல்லை வாசிக்கச் சொன்னேன். “வகை” என்றார். சந்திக் கடைக்காரரிடம் காட்டினேன். “வதை” என்று சொல்லிவிட்டு, “ஐயா, அப்ப அது நீங்களோ?” என்று கேட்டார். கொப்பியை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி, “இஞ்சருங்கோ, நான் உங்களைத் தெரிஞ்சபடியால் அப்பிடி வாசிச்சன். தெரியாதவைக்கு அது ‘த’தான்” என்றார்.

14. மறுநாள் செல்வி சாருஜா வீட்டுக்கு வந்தார். கோபித்துப் பேசுவார் என்று எண்ணி, என்ன சொல்வது என்று ஒரு தாளில் குறித்து வைத்திருந்தேன். அவர் கோபிக்கவில்லை. “ஐயா, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. நீங்கள் என்ன எழுதினீங்கள்?” என்று மட்டும் கேட்டார். வகை என்றே எழுத நினைத்தேன் என்றேன். “நினைச்சது சரி ஐயா. எழுதினது?” என்றார். என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முறைப்பாட்டின் பிரதி அவர் கற்கும் பீடத்துக்கும் அனுப்பப்பட்டிருப்பதாகக் கூறினார். ஒகஸ்ட் 6ஆம் திகதி தங்கள் அலுவலகத்தில் நடைபெறும் விசாரணையின் முடிவு வரும்வரை அவரது இறுதிப் பெறுபேறு வெளியிடப்படாதாம். “மற்றக் குற்றமெண்டால் விளங்கப்படுத்தலாம். உந்தச் சொல்லுக்கு விளக்கம் கேக்க ஒருத்தரும் நிக்க மாட்டினம்” என்றார். அவர் போன பின்னர்தான், அவரை இருக்கச் சொல்லக்கூட இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

15. ஜூலை 28ஆம் திகதி தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். இவ்விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் திரு. சுதாகரன் என்னை மரியாதையாக அமரச் செய்து, “நீங்கள்தானே முறைப்பாட்டாளர்? நல்ல விளக்கமா எழுதியிருக்கிறியள் ஐயா. இப்பிடி ஒரு கடிதம் நாங்கள் கண்டதில்லை” என்றார். அது பாராட்டுக் கடிதம் என்று விளக்கினேன். அவர், “அப்ப மேலை ‘பாராட்டு’ எண்டு போட்டிருக்கலாமே?” என்றார். ‘மாணவர் நிகழ்ச்சி தொடர்பாக’ என்றே நான் போட்டிருந்தேன். அது அடக்கமான தலைப்பு என்று எண்ணியிருந்தேன். அங்கு வரும் கடிதங்களில் பாராட்டு வந்த நினைவு தனக்கில்லை என்றும், ஆகவே அதற்கென ஒரு கோவை திறக்கப்படவில்லை என்றும் அவர் கூறினார்.

16. எனது மூலக் கடிதத்தை அவர் காட்டினார். அச்சொல் ஐந்து இடங்களில் வருகிறது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இரண்டு இடங்களில் ‘க’ போல இருந்தது. இரண்டில் ‘த’ போல இருந்தது. மற்றது இரண்டும் அல்லாத ஒன்று. எழுதியவன் நான். வாசிக்க முடியாமல் இருந்தவனும் நான். அந்நேரம், ஒருவேளை எனது மனத்தின் எங்கோ ஒரு மூலையில் அந்த ஒலிபெருக்கி பற்றிய முறைப்பாடு மிச்சமிருந்து கையை வளைத்ததோ என்றுகூட ஐயம் உண்டாயிற்று. அவ்வாறு இல்லை என்றே நம்புகிறேன். ஆயினும் தங்கள் விசாரணைக்கு இதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

17. கடிதத்தை மீளப் பெறலாமா என்று கேட்டேன். “மீளப் பெறலாம் ஐயா. ஆனால் பெற்றால், உங்களை ஆரோ வெருட்டினதெண்டுதான் கோவையிலை வரும். அது அந்தப் பிள்ளைக்குத்தான் கூடாது” என்றார். அவர் நல்ல மனத்துடனேயே சொன்னார். ஆகவே மீளப் பெறவில்லை. மீளப் பெறாததால் முறைப்பாடு நிலைத்திருக்கிறது. இதில் எது சரி என்று விளங்காமலே அன்று பேருந்து ஏறினேன்.

18. ஆனால் அதற்கு முன்னர், கோவையில் பதினான்காம் இலக்கமிட்ட தாளை அவர் எனக்கு வாசித்துக் காட்டினார். இம்மனுவை எழுதக் காரணம் அந்தத் தாளே. ஜூலை 22ஆம் திகதி பிள்ளைகளிடம் தனித்தனியாக வாக்குமூலம் பெறப்பட்டது. கஜானியிடம், அவளது பகிடியைக் கேட்டுவிட்டு, “உம்மை அந்தப் பக்கம் திருப்பிவிட்டது ஆர்?” என்று வினவினார்களாம். “ஒருத்தரும் இல்லை, நானாத்தான் திரும்பினனான்” என்றிருக்கிறாள். “பயப்பிடாமல் சொல்லும். அப்ப உம்மைப் பாத்துச் சிரிச்ச ஆக்களின்ரை பேரை எழுதும்” என்று வெள்ளைத் தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. சிரித்தவர்கள் எல்லோருடைய பெயரையும் எழுதினாள்; அதுவே பதினான்காம் தாள். இருபத்துமூன்று பெயர்கள். முதலாவது சாருஜா அக்கா. இருபத்துமூன்றாவது, ‘பின் வாங்கிலை இருந்த முருகேசு அப்பு.’ ஆகவே இக்கோவையில் முறைப்பாட்டாளரும் நானே, இருபத்துமூன்றாவது எதிராளியும் நானே. இரு நிலைகளிலும் எவ்வாறு சாட்சியம் அளிப்பது என்று திரு. சுதாகரனிடம் கேட்டேன்.

19. எமது ஊர்களில், யுத்த காலத்தில், ஓர் அறைக்குள் அழைக்கப்பட்டு வெள்ளைத் தாளில் பெயர் எழுதிக் கொடுத்தல் என்பதன் பொருளைத் தங்களுக்கு நான் எழுதிக் காட்டத் தேவையில்லை. கஜானி பிறந்தபோது அவை எல்லாம் முடிந்துவிட்டன. அவளுக்கு அது தெரியாது. ஆனால் அவள் பெயர் எழுதிக் கொடுத்தாள் என்று கேள்விப்பட்ட பெரியவர்களின் முகம் மாறியதை அவள் பார்த்தாள். அடுத்த நாள் பாடசாலைப் படலையில் சில மாணவர்கள், “லிஸ்ற் வருது, ஒருத்தரும் பல்லைக் காட்டாதேங்கோ” என்றார்கள். வகுப்பில் அவள் நுழைந்தபோது எல்லோரும் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்கள். இவை தாயார் கூறியவை. இக்கோவையில் நான் காணும் முதலாவது உண்மையான பகிடிவதை இதுவே. இது நிகழ்ச்சியால் வரவில்லை. எனது எழுத்தினால் வந்தது.

20. ஜூலை 23ஆம் திகதிக்குப் பின்னர் அவள் பாடசாலைக்குப் போகவில்லை. இம்முறை வயிற்றுவலி என்றும் சொல்லவில்லையாம். நேற்று முன்தினம் தாயாரின் அனுமதியுடன் வீட்டுக்குச் சென்றேன். கதிரையில் இருந்தேன். அவளே முதலில், “அப்பு, சிரிச்சது பிழையெண்டால் என்ரை பேரையும் எழுதியிருக்கோணுமல்லோ? நானும் சிரிச்சனான்தானே. அதை மறந்துபோனன்” என்றாள். நீ எழுதியது பிழையல்ல பிள்ளை, நான் எழுதியதுதான் பிழை என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. பெரியவர்கள் எழுதுவது பிழையாகும் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

21. இம்மனுவைத் தட்டச்சுச் செய்யும் செல்வி றெஜினா, அச்சொல் வரும் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, “அப்பு, இது ‘க’வோ ‘த’வோ? பேந்து என்னிலை சொல்லப்படாது” என்று கேட்டே அடித்தார். ஆகையால் இம்மனுவில் உள்ள எழுத்துகளுக்கு நான் உறுதி கூற முடியும்.

22. மேற்கூறியவற்றை ஆராய்ந்து, பின்வருவனவற்றைச் செய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

(அ) ஒகஸ்ட் 6ஆம் திகதி விசாரணையில், செல்வி சாருஜாவை உள்ளே அழைப்பதற்கு முன்னர் என்னை அழைக்கவேண்டும். எனது 07.07ஆம் திகதிக் கடிதத்தை எனது வாயாலேயே வாசித்துக் காட்ட அனுமதிக்கவேண்டும். கையெழுத்தில் மயங்கும் இவ்விரு எழுத்துகளும் வாய்க்குள் மயங்குவதில்லை. பணியில் இருந்த காலத்தில் நான் எந்தக் கூட்டத்திலும் எழுந்து பேசியவன் அல்லன். எனது குரல் சிறியது. எனவே மேசைக்கு அருகில் நிற்க அனுமதி தந்தால் உதவியாக இருக்கும்.

(ஆ) அவர் கற்கும் பீடத்துக்கு, முறைப்பாடு எழுத்து மயக்கத்தால் ஏற்பட்டது எனத் தட்டச்சில் ஒரு கடிதம் அனுப்பவேண்டும்.

(இ) மண்டபப் பூட்டின் திறப்பை அவ்விளைஞர்களிடம் மீளக் கொடுக்கவேண்டும். பெரியவர் ஒருவர் பொறுப்பு நிற்கவேண்டும் என்பது விதியாயின் பொருத்தமான ஒருவரைத் தாங்கள் நியமிக்கலாம். என்னை அப்பொறுப்புக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

(ஈ) பதினான்காம் இலக்கத் தாளைக் கஜானியின் கையில் திருப்பிக் கொடுக்கவேண்டும். பிரதி வேண்டாம். அவள் எழுதிய அதே தாள் வேண்டும். அதனை வைத்திருப்பதோ கிழிப்பதோ அவளது விருப்பம்.

23. இறுதி வேண்டுகோள் பற்றித் திரு. சுதாகரனிடம் ஏற்கெனவே கேட்டேன். இலக்கமிட்ட தாளைக் கோவையிலிருந்து கழற்ற முடியாது என்றும், இலக்கத் தொடர் முறிந்தால் தானே பதில் சொல்ல வேண்டிவரும் என்றும் அவர் கூறினார். அது நியாயமானது. நானும் கோவைகளுடன் வாழ்ந்தவன். ஆகையால் ஒரு யோசனையைத் தாழ்மையுடன் முன்வைக்கிறேன். அந்தத் தாளைக் கழற்றி எடுத்த இடத்தில், பதினான்கு என்ற அதே இலக்கத்தை இட்டு, இம்மனுவைக் கோத்துவிடலாம். இலக்கம் முறியாது. அங்கிருந்த தாளில் இருபத்துமூன்று பெயர்கள் இருந்தன. இதில் குற்றஞ்சாட்டப்படும் பெயர் ஒன்றே. அது கீழே உள்ளது.

இவ்வளவு நீளமாக எழுதித் தங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டதற்காகவும் வருந்துகிறேன்.

இடம்: புத்தூர்
திகதி: 2025.08.01

தங்கள் தீர்ப்புக்குக் கட்டுப்படும்,

(ஒப்பம்)
நா. முருகேசு

இணைப்புகள்:
1. பகிடிகளின் வகைகள் எழுதப்பட்ட கொப்பி (மூலம்).
2. தங்கள் அலுவலகத்தின் நன்றிக் கடிதம். இதனை வைத்திருக்க எனக்கு உரிமை இல்லை என்று கருதுவதால் திருப்பி அனுப்புகிறேன்.

பிரதி: செல்வி சாருஜா – தகவலுக்காக.